பதவிக்காலம் நிறைவு செய்த கமிட்டியாருக்குப் பவானி ஜமக்காளம்: வாங்கியவரின் மதிப்புரை

ஆயரோடு சேர்ந்து எங்கள் சபையின் நிர்வாகத்தைக் கவனிக்கும் குருசேகரக் கமிட்டி தனது மூன்றாண்டுப் பதவிக்காலத்தை நிறைவு செய்தபோது, நன்றி ஆராதனையில் அவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு எழுந்தது. கோயம்புத்தூர்த் திருமண்டலத்துச் சபைகளில் இத்தகைய நாளில் பொன்னாடை போர்த்தி, பெயர் பொறித்த கேடயம் ஒன்றைக் கையில் கொடுப்பது பெரும்பாலும் வழக்கம். பொன்னாடை அன்று மாலையே பீரோவுக்குள் போய்விடுகிறது. கேடயமோ, முந்தைய கமிட்டிகளில் வாங்கிய கேடயங்களோடு சேர்ந்து தூசி படிகிறது. எனவே இம்முறை பவானி ஜமக்காளம் கொடுக்கலாம் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சொன்ன யோசனையை ஆயரும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்.

ஈரோட்டிலிருந்து பவானி அரை மணி நேரப் பயணம்தான். அங்குள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் விற்பனையகத்தில் வாங்கினோம். முரட்டுப் பருத்தி நூலில் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு எனப் பட்டை பட்டையாக நெய்த பழைய வகை ஒன்று. கரையில் செயற்கைப் பட்டு நூலால் பூவேலை செய்த, தொட்டால் வழுக்கும் வகை மற்றொன்று. விற்பனையாளர் இரண்டையும் தரையில் விரித்துக் காட்டி, எதற்கு வாங்குகிறோம் என்று கேட்டறிந்த பின், விலை குறைந்த பருத்தி வகையையே பரிந்துரைத்தார். அந்த நேர்மைக்காகவே அக்கடைக்கு மீண்டும் போகலாம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஜமக்காளம் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட இனங்களுள் ஒன்று. ஆயினும் விசைத்தறியில் ஓடிய மெல்லிய சரக்கு அதே பெயரில் சந்தையில் கிடைக்கத்தான் செய்கிறது. நாங்கள் வாங்கியதில் குறுக்கே ஓடும் ஊடை நூல் நெடுக்கே ஓடும் பாவு நூலை முழுவதும் மூடியிருந்ததால் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. ஓரத்து நூல்களைக் கையால் முடிந்திருந்தார்கள். மடித்துத் தூக்கியபோது நல்ல கனம் தெரிந்தது.

கமிட்டி வேலை என்பது மேடையில் நடப்பதன்று. வீட்டு ஜெபக்கூட்டங்களில் தரையில் அமர்ந்திருந்ததும், அறுப்பின் பண்டிகைக்கு முந்திய இரவில் வந்து குவிந்த தேங்காயையும் வாழைத்தாரையும் ஏலத்துக்குப் பிரித்து வைத்ததும், ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிடப் போன பிறகு பொருளாளர் காணிக்கைச் சில்லறையை அடுக்கடுக்காக வைத்து எண்ணியதும் ஜமக்காளத்தின் மேல்தான். கல்லறைத் தோட்டத்துச் சுவர் தொடர்பாக இரு குடும்பங்களுக்குள் மூண்ட மனஸ்தாபத்தைச் செயலர் பேசித் தீர்த்ததும் அப்படி ஜமக்காளம் விரித்த ஒரு திண்ணையில் அமர்ந்துதான். இந்த உழைப்புக்கு ஊதியம் கிடையாது. முணுமுணுப்பு மட்டும் தவறாமல் கிடைக்கும். அப்படி உழைத்தவர்களுக்குச் சுவரில் மாட்டும் பொருளைவிட விரித்து உட்காரும் பொருள் பொருந்தும் என்பது என் கருத்து. கமிட்டிப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும், மூன்றாண்டும் விடியற்காலையில் கதவு திறந்து மணி அடித்த கோயில்பிள்ளைக்கும் ஒன்று வாங்கினோம். ஆராதனையில் கைதட்டல் அவருக்குத்தான் அதிகம்.

குறைகளும் உண்டு. முதல் சலவையில் சிவப்பு நன்றாகவே சாயம் விடுகிறது; கல் உப்புக் கரைத்த நீரில் தனியாக நனைத்து அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். இதை விற்பனையகத்தில் யாரும் சொல்லவில்லை. அச்சிட்ட குறிப்புச் சீட்டு ஒன்றாவது வைத்திருக்கலாம். அடுக்குமாடியில் குடியிருக்கும் உறுப்பினர் ஒருவர், நனைந்தால் இதைத் தூக்கிக் கொடியில் போட இரண்டு ஆள் வேண்டுமே என்றார். அவர் சொன்னது நியாயம்தான். புதிதில் சற்று உறுத்தும், இரண்டு மூன்று சலவைக்குப் பிறகு பழகிவிடும். சபையின் பெயரைக் கரையிலேயே நெய்து தர முடியுமா என்று கேட்டதற்கு, முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஆகும் என்றார்கள். அவகாசம் இல்லாததால் பெயரும் ஆண்டும் எழுதிய சிறு துணியை எங்கள் தையல்காரரிடம் கொடுத்து மூலையில் தைத்துக்கொண்டோம். பார்வைக்கு அது அவ்வளவு எடுப்பாக இல்லை.

விலை கேடயத்தைவிடக் கூடுதல். இருப்பினும் விழாக்காலத் தள்ளுபடி நாட்களில் வாங்கினால் சபைக் கணக்குக்குத் தாங்கும். பெயர் நெய்ய வேண்டுவோர் கமிட்டித் தேர்தல் அறிவிப்பு வந்த கையோடு சொல்லி வைப்பது நல்லது; அப்போது எல்லாவற்றையும் ஒரே சாயத்தில் கேட்டு வாங்கவும் முடியும். கையிருப்பிலிருந்து எடுத்ததால் எங்களுடையவற்றில் பச்சை இரண்டு விதமாக அமைந்துவிட்டது.