அம்மாவின் அறைக்கு வாங்கிய ஸ்மார்ட் பல்பு: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

இரவில் தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குப் போகவோ எழும்போது, இருட்டில் சுவரைத் தடவியபடி சுவிட்சைத் தேடுவது மூட்டுவலி உள்ள என் அம்மாவுக்கு இனிமேல் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் ஸ்மார்ட் பல்பு வாங்கும் எண்ணம் வந்தது. எங்கள் வீடு மதுரை மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. தாத்தா காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. கட்டிலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சுவிட்ச் வைப்பதென்றால் ஒன்றரை அடிச் சுவரைக் கொத்தி வயர் இழுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, இருக்கிற ஹோல்டரிலேயே பல்பை மாட்டி, தலைமாட்டில் வைத்த ஒரு பழைய போனிலிருந்து அதை ஏற்றி அணைக்கலாம் என்பது பெரிய வசதியாகத் தோன்றியது. எட்டு மாதம் ஆகிவிட்டது. பல்பின் பெட்டியில் எழுதியிராத சில செய்திகளை, வாங்க நினைக்கும் மற்றவர்களுக்குச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன்.

டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு எலெக்ட்ரிகல் கடையில் நான்கு பல்புகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் 9 வாட்; நம் வீடுகளில் வழக்கமாக இருக்கும் பி22 என்ற பின் ஹோல்டருக்குப் பொருந்துவது; விலை 600 ரூபாய்க்குச் சற்று மேல். எல்இடி பல்புகளுக்கான ஐஎஸ் 16102 தர எண் பெட்டியில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். கடைக்காரர் நான்கையும் மேசை மேல் இருந்த ஹோல்டரில் மாட்டி எரியவிட்டுக் காட்டியதோடு, "சார், வீட்டு வைஃபைல 2.4, 5ன்னு ரெண்டு இருக்கும். இது 5-ல ஏறாது, 2.4-ல போட்டுப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வாக்கியம் பெட்டிக்குள் இருந்த மடிப்புத்தாள் முழுவதையும் விட எனக்குப் பயன்பட்டது. பல்பு நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. கீழே சொல்லும் நிறைகுறைகள் இந்த விலையில் கிடைக்கும் வைஃபை பல்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவானவை.

வெளிச்சத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2700 கெல்வின் என்ற மஞ்சள் ஒளியிலிருந்து 6500 கெல்வின் என்ற வெள்ளை ஒளி வரை மாற்றிக்கொள்ள முடிகிறது. இரவில் பத்து விழுக்காடு மஞ்சள் ஒளியில் வைத்தால், தூக்கம் கலையாமல் கால் வைக்கும் இடம் மட்டும் தெரிகிறது. பல வண்ணங்களும் உண்டு. நாங்கள் அவற்றைத் தொடவில்லை.

இணைப்பதில்தான் முதல் நாள் முழுவதும் போயிற்று. ஆப் திறந்து, வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால், போன் அந்த விவரங்களை புளூடூத் வழியாகவோ பல்பே உண்டாக்கும் ஒரு தற்காலிக வைஃபை வழியாகவோ பல்புக்குள் அனுப்புகிறது. அதன் பிறகு பல்பு தானாக, வீட்டுக்கு வைஃபை தரும் ரவுட்டரைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். என் பல்புகள் போய்ச் சேரவே இல்லை. இவ்வகை பல்புகளில் இருக்கும் விலை குறைந்த சிப்புகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் மோடமோ (எங்கள் வீட்டில் ரவுட்டரும் அதுவே) இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரை வைத்திருந்தது. இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வருவதைப் பார்க்கிறேன்: வைஃபையில் வரும் 5 கிகாஹெர்ட்ஸ் வேறு, போன் சிம்மில் வரும் 5ஜி வேறு, ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. கணினியின் பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டி மோடத்தின் பக்கத்துக்குள் நுழைந்து, இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். அந்த எண்ணும், நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் பல மோடங்களின் அடிப்பக்கத்து ஸ்டிக்கரிலேயே இருக்கின்றன. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 3 மட்டும் என்று இருந்ததை, பழைய டபிள்யூபிஏ 2-ஐயும் ஏற்கும்படி மாற்றினேன். அடுத்த பத்து நிமிடத்தில் மூன்று பல்புகள் இணைந்துவிட்டன.

நான்காவது, அதாவது அம்மாவின் அறையில் இருப்பது, சேர்ந்தும் சேராமலும் தடுமாறியது. எங்கள் சந்தைச் சுற்றிலும் கடைகளும் விடுதிகளும் நெருக்கமாக இருப்பதால், போனில் பார்த்தால் முப்பதுக்கும் மேற்பட்ட வைஃபை பெயர்கள் தெரிகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சேனல்கள் என்ற உட்பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது; ஒன்றோடொன்று மோதாமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். எங்கள் பகுதியில் அதிகக் கூட்டம் 6-ல் இருந்தது. ரவுட்டரும் அதிலேயே போய் உட்கார்ந்திருந்தது. தானியங்கித் தேர்வை எடுத்துவிட்டு 11 என்று நிலையாக வைத்ததும், சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்ததும், அந்தத் தடித்த சுவரைத் தாண்டி இணைப்பு நிலைத்தது.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பின்பு ஒரு நாள் சாலையில் குழி தோண்டியபோது ஃபைபர் கேபிள் அறுந்து இரண்டு நாள் இணையம் இல்லாமல் போனது. வீட்டுக்குள் வைஃபை அப்படியேதான் இருந்தது. பல்பும் போனும் அதே ரவுட்டரோடு சேர்ந்துதான் இருந்தன. ஆனாலும் பல்பு தொடர்பில் இல்லை என்று ஆப் சொல்லிவிட்டது. பத்தடி தூரத்தில் இருக்கும் விளக்கை ஏற்ற, எங்கோ வெளியூரில் உள்ள சர்வர் வரை உத்தரவு போய்த் திரும்ப வேண்டியிருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அம்மா அந்த இரண்டு இரவும் மறுபடி சுவரைத் தடவித்தான் நடந்தார். யாருக்காக வாங்கினேனோ அவருக்கே அது உதவாமல் போனதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்கான வழியை அண்ணன் மகன் சொன்னான். "சித்தப்பா, ஆப் செட்டிங்ஸ்ல லோக்கல் கண்ட்ரோல்னு ஒண்ணு இருக்கும். அதை ஆன் பண்ணிட்டா, நெட் இல்லாட்டியும் நேரா பல்போட ஐபிக்கே கமாண்ட் அனுப்பலாம்" என்றான். பழைய போனில் பெரிய பொத்தான்களைக் காட்டும் ஒரு சிறிய செயலியை ஏற்றி, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பல்பின் ஐபி முகவரியை, அதாவது வீட்டு வைஃபைக்குள் அதற்கு உள்ள எண்ணை, கொடுக்க வேண்டும். ஆகவே நான்கு பல்புகளின் முகவரிகளையும் தேடும் வேலை வந்தது.

முகவரியில் இரண்டு வகை உண்டு. சித்திரைத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் வரும் ஒருவர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஒரே விடுதியில்தான் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆள் அவரேதான், ஆனால் அறை எண், வந்த நேரத்தில் எது காலியோ அது. ஆளை அடையாளம் காட்டுவது மேக் முகவரி. தயாரிக்கும்போதே பொறிக்கப்படுவது, பன்னிரண்டு இலக்கம் கொண்டது. அறை எண்ணைப் போன்றது ஐபி முகவரி. ரவுட்டர் தன்னிடம் உள்ள எண்களிலிருந்து எடுத்துக் கொடுப்பது. மேக் முகவரியின் முதல் ஆறு இலக்கங்கள் தயாரிப்பாளருக்கு ஐஇஇஇ என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு ஒதுக்கியவை என்பதால், அவற்றை வைத்து இது எந்த நிறுவனத்தின் கருவி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் இணைந்திருக்கும் கருவிகளை ரவுட்டர் காட்டும் பட்டியலில் என் பல்பு நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லை. எஸ்பிரெசிஃப் என்ற பெயர்தான் நான்கு இடத்தில் இருந்தது. அது உள்ளே இருக்கும் சிப்பைச் செய்த ஷாங்காய் நிறுவனத்தின் பெயர். இது தெரியாமல், வேற்றாள் யாரோ நம் வைஃபையில் புகுந்துவிட்டார்கள் என்று அந்த நான்கையும் தடை செய்ய இருந்தேன்.

நான்கில் எது எந்த அறை என்பது அடுத்த கேள்வி. பல்பின் ஆப்பிலேயே கருவி விவரம் என்ற பக்கத்தில் மேக் முகவரி இருக்கிறது. அதை ரவுட்டரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சுருக்கமான வழி. ஒவ்வொரு பல்பாகச் சுவிட்சில் அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பார்க்கும் முறையை முதலில் முயன்று ஏமாந்தேன். கருவி போன பிறகும் அதன் பெயரைப் பல ரவுட்டர்கள் சிறிது நேரம் பட்டியலில் வைத்திருக்கும். கணினியிலிருந்து அந்த முகவரிக்குப் பிங் என்ற சோதனைச் செய்தியை அனுப்பிப் பார்த்தால், அணைந்த பல்பு பதில் தராது, அது நம்பத்தக்கது. வைஃபையில் உள்ள கருவிகளைத் தேடித் தரும் ஃபிங் போன்ற செயலிகளும் உண்டு. ஆனால் புதிய ஆண்ட்ராய்டு போன்களில் அவற்றுக்குப் பெரும்பாலும் மேக் முகவரி தெரிவதில்லை.

முகவரிகளைக் கண்டு, பொத்தான்களில் எழுதி முடித்த மகிழ்ச்சி பத்து நாள்கூட நிற்கவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நாளில், ரவுட்டரும் பல்புகளும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழுந்தன. முன்பு யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதை எங்கள் ரவுட்டர் மறந்துவிட்டிருந்தது. யார் முந்திக் கேட்டார்களோ அவர்களுக்கு முதல் எண். அம்மா தன் அறையின் பொத்தானை அழுத்தினால் அடுப்படியில் விளக்கு எரிந்தது. இதற்குத் தீர்வு ரவுட்டரிலேயே இருக்கிறது. ஐபி எண்களைப் பங்கிடும் டிஹெச்சிபி என்ற பகுதிக்குள், முகவரி ஒதுக்கீடு என்றோ ஐபி–மேக் இணைப்பு என்றோ ரவுட்டருக்கு ரவுட்டர் பெயர் மாறும் ஒரு பட்டியலில், இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த எண் என்று எழுதிவிட வேண்டும். விடுதிக்காரரிடம் ஆண்டுதோறும் இன்ன அறை இவருக்கே என்று சொல்லி வைப்பது போல. 192.168.1.51 முதல் 54 வரை நான்கு எண்களை ஒதுக்கினேன். அதன் பிறகு எத்தனையோ முறை மின்சாரம் போய் வந்தும் ஒரு பொத்தான்கூடத் தடம் மாறவில்லை. பல்பு வாங்குபவர்கள் இணைத்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. எந்த மடிப்புத்தாளிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தத்துக்குரியது.

மின்சாரம் தொடர்பாக இன்னும் இரண்டு குறைகள் உண்டு. சுவிட்சை அடுத்தடுத்துச் சில முறை போட்டு அணைத்தால் பல்பு பழைய நினைவை அழித்து, புதிதாக இணைக்கச் சொல்லிச் சிமிட்டத் தொடங்கும். ஐப்பசி மழை இரவொன்றில் மின்சாரம் விட்டு விட்டு வந்தபோது அதுவே நடந்தது. "என்னய்யா, லைட்டு கண்ணச் சிமிட்டிக்கிட்டே இருக்கு?" என்று அம்மா கூப்பிட்டபோது மணி இரண்டு. அந்த ஹோல்டரை மறுநாளே இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினோம். ரவுட்டரையும் நான் தொடக்கத்திலேயே அதில் இணைத்திருக்க வேண்டும். மற்றொன்று, மின்சாரம் திரும்பியதும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிவது. முந்தைய நிலைக்கே திரும்பும்படி ஆப்பில் மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

சுவரில் உள்ள சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும் என்பதால், அணைந்திருக்கும்போதும் பல்பு சிறிது மின்சாரம் எடுக்கும். அது அரை வாட் என்று கொண்டால், ஒரு பல்புக்கு ஆண்டுக்கு 4.4 யூனிட், நான்குக்கும் சேர்த்து நம் இரண்டு மாத பில்லில் மூன்று யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

என் மதிப்பீடு இதுதான்: முதியவர்களும் எழுந்து நடக்கச் சிரமப்படுபவர்களும் உள்ள அறைக்கு இது தயங்காமல் வாங்கத் தக்க பொருள். வாங்கும்போது வாட்டையும் வண்ணத்தையும் கேட்பதற்கு முன்னால், இணையம் இல்லாதபோதும் வீட்டு வைஃபைக்குள் இது வேலை செய்யுமா என்று கேளுங்கள். விஸ், லிஃப்எக்ஸ் ஆகிய நிறுவனங்களின் பல்புகள் வீட்டு வைஃபைக்குள்ளேயே நேரடியாக உத்தரவு ஏற்கின்றன. பல நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகளுக்கும் பொதுவாக 2022-ல் வெளிவந்த மேட்டர் என்ற தரத்தின் முத்திரை இருந்தாலும் அந்த வசதி உண்டு. கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் ஒன்று மட்டும் வாங்கி, வீட்டில் மோடத்தின் ஃபைபர் வயரைக் கழற்றிவிட்டுச் சோதித்த பிறகு மற்றவற்றை வாங்கலாம்.

மாடிப்படிக்கு இது வேண்டாம். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு சுவிட்ச் உள்ள இடத்தில் யாராவது ஒருவர் பழக்கத்தில் அணைத்துவிடுவார்கள். பிறகு ஆப்பில் எதை அழுத்தியும் பயன் இருக்காது. நான் அங்கே மாட்டியதைக் கழற்றிவிட்டுச் சாதாரண எல்இடி பல்பையே போட்டுவிட்டேன். கழற்றியது அம்மாவின் அறைக்கு மாற்றாக இருக்கட்டும் என்று அலமாரியில் இருக்கிறது. பெட்டியின் மேல் அதன் மேக் முகவரியையும் 54 என்ற எண்ணையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.