"ரிங் செட் ஆகட்டும்" என்று சொன்னால் உஷாராக இருங்கள்

அப்பா வாங்கிய 1972 மாடல் மார்க் 2 அம்பாசிடர். எஞ்சினை முழுசாகப் பிரித்து வேலை பார்க்கக் கொடுத்து, இரண்டரை மாதம் காத்திருந்து, 78,000 ரூபாய் கட்டி எடுத்து வந்தேன். போரிங் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைத் தேய்த்துச் சீராக்குவது), புது பேரிங் எல்லாம் பில்லில் இருக்கிறது.

முதல் வாரமே ஆக்சிலேட்டரை மிதித்தால் நீலப் புகை. சூடானதும் ஆயில் பிரஷர் படுத்துவிடும், அடியிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வேறு. கேட்டால், "புது ரிங் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க, தானா செட் ஆயிடும்" என்றார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள புது ரிங் சிலிண்டரோடு பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் பிடிக்கும் என்பது நிஜம்தான். ஆனால் குறைந்த ஆயில் பிரஷர் ஓட்ட ஓட்ட ஏறாது. இது தெரியாமல் 600 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன்.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன், வயதானவர். ஆயில் கேஜ் மாட்டிப் பார்த்தார். குளிர்ந்திருந்தபோது 50 பிஎஸ்ஐ, சூடான பிறகு ஐடிலிங்கில் 5 கூட இல்லை. பிளக் வயரை ஒவ்வொன்றாக எடுத்தார். மூன்றாவதை எடுத்ததும் சத்தம் அமுங்கியது. அதே சிலிண்டரில் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) 85 பிஎஸ்ஐ. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தார், 125. "வால்வு லீக்குன்னா இப்படி ஏறாது தம்பி, ரிங்குதான்" என்றார்.

ஹெட்டைத் தூக்கியதும் போரின் (சிலிண்டர் துளையின்) மேல்பக்கம் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் தடுக்கியது. பல வருஷம் ரிங் உரசி உண்டான படி அது. போரிங் போட்டிருந்தால் அந்தப் படி மிஞ்சியிருக்காது. பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டிய கீறல்கள், அதாவது பழைய பிஸ்டன்தான். கழற்றிய பேரிங்கில் சாம்பல் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. பில்படி அதன் முதுகில் 020 (கிரைண்ட் செய்த கிராங்குக்கான அளவு) என்று அடித்திருக்க வேண்டும்; இருந்தது எஸ்டிடி, கிரைண்ட் செய்யாத கிராங்குக்கான ஸ்டாண்டர்டு அளவு. கிராங்கைத் தொடவே இல்லை. பளபளவென்று பெயிண்ட் அடித்த பிளாக்கைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

முதலில் வேலை பார்த்தவர்களுக்குப் போட்டோக்களை அனுப்பினேன், பதில் இல்லை. கழற்றிய பழைய பிஸ்டன், பேரிங்குகளை டெலிவரி அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். நான் கேட்டபோது, "இரும்புக்குப் போட்டுட்டோம்" என்றார்கள்.

இந்த முறை போரிங் போடும்போது லேத் பக்கத்திலேயே நின்றேன். மைக்ரோமீட்டரில் அளந்த கிராங்க் அளவுகள் என் நோட்டில் இருக்கின்றன. பழைய பிஸ்டன் நான்கும் வீட்டில் ஒரு சாக்கில் கிடக்கின்றன.