அஞ்சலில் வந்த இதழா, நிமிடக் கட்டணத் தொலைபேசியா?

இணையத்துக்கு முந்தைய அமெரிக்காவில், கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து (கையில் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம்) அணிகள் எந்தப் பள்ளி வீரர்களைச் சேர்க்கின்றன என்பதை அறிய ரசிகர்கள் சந்தா இதழ்களையோ 900 என்று தொடங்கும் எண்களில் இயங்கிய, நிமிடக் கட்டணத் தொலைபேசிச் சேவைகளையோ நாடினர்.

இத்தகைய இதழ் ஒன்றை நடத்திய டாம் லெமிங் நாடெங்கும் காரிலேயே சென்று வீரர்களை நேரில் கண்டு எழுதியவர். அத்தகைய இதழ்களில் வீரரின் உயரம், எடை, ஆடும் இடம், அவரை விரும்பும் கல்லூரிகள் எல்லாம் அச்சில் இருந்ததால், ஓரத்தில் பேனாவால் குறித்துவைத்து, ஆண்டுகள் கழித்தும் எடுத்துப் பார்க்க முடிந்தது. ஆனால் தபால்காரர் கொண்டுவருவதற்குள் அந்த வீரர் மனம் மாறியிருக்கக்கூடும்.

தொலைபேசியில் புதிய செய்தியே பதிவுக் குரலில் கிடைத்தது. ஆயினும் காத்திருந்த பெயர் வருவதற்குள், நிமிடத்துக்கு நிமிடம் கட்டணம் ஏறியது.

கல்லூரியில் சேர வீரர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தங்கள் ஃபேக்ஸில் வந்துசேர்ந்த பிப்ரவரி முதல் புதன்கிழமைக்குத் தொலைபேசியே ஏற்றது. மற்ற நாள்களுக்கெல்லாம் நான் இதழையே தேர்ந்தெடுப்பேன்.