கல்லடி வீட்டில் ஆத்தங்குடி ரைல்ஸ்: ஒரு வருசம் நடந்து பார்த்த பிறகு

எங்கள் விறாந்தையைப் பார்க்கிற எல்லாரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கடையில் கிடைக்கிற நல்ல பீங்கான் ரைல்ஸைப் போல இரண்டு மடங்கு வந்தது. கல்லுக்குக் கொடுத்தது குறைவு, காரைக்குடிப் பக்கமிருந்து கப்பலேறி, கொழும்பில் இறங்கி, லொறியில் மட்டக்களப்பு வரும் செலவுதான் கூட. இருந்தும் இன்னொரு வீடு கட்டினால் விறாந்தைக்கும் கூடத்துக்கும் இதையேதான் போடுவேன். சமையலறைக்குப் போட மாட்டேன், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

2004 சுனாமியில் எங்கள் பழைய வீடு போய், சிவப்புச் சாயம் போட்ட சீமெந்து நிலம் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. அம்மா அதை மறக்கவேயில்லை. பிறகு கட்டிய வீட்டில் பீங்கான் போட்டோம், அதில் அவவுக்கு மனம் ஒட்டவில்லை, ஈரக்காலோடு வழுக்கும் என்று பயம் வேறு. திருத்த வேலை தொடங்கியபோது ஆத்தங்குடிக் கல்லைப் போடலாம் என்று முடிவெடுத்தோம்.

ஆத்தங்குடி சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் தரை இதுதான், இப்போது தமிழ்நாட்டில் புது வீடு கட்டுகிற கட்டடக் கலைஞர்களும் இதைத் தேடி எடுக்கிறார்கள். இதற்குச் சூளை கிடையாது. ஒரு கண்ணாடித் தட்டின் மேல் பூ அச்சை வைத்து, சாயம் கலந்த சீமெந்துக் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சீமெந்தும் போட்டு நிரப்பி, காய்ந்ததும் தண்ணீரில் சில நாள் ஊறவிடுகிறார்கள். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடுகிறது. எங்களுக்கு வந்த கல்லில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் பின்பக்கம் சொரசொரவென்று, கரண்டி இழுத்த தடத்தோடு இருந்தது. முன்பக்கம் மஞ்சள் பூவின் ஒரு இதழ் மட்டும் பச்சைக்குள் கொஞ்சம் கசிந்திருந்தது. கடையில் இதைப் பிழை என்பார்கள். எனக்கு அந்தக் கல்லைத்தான் வாசலில் போட வேண்டும் என்று இருந்தது, அங்கேதான் இருக்கிறது.

வாங்க நினைக்கிறவர்கள் கல்லை விட மேசனைப் பற்றித்தான் கூட யோசிக்க வேண்டும். முதலில் வந்தவர் பீங்கான் பதிக்கிற மாதிரியே காய்ந்த கல்லைப் பசை வைத்து ஒட்டி, இடைவெளி விட்டு, கறுப்பு நிரப்பியைத் தேய்த்தார். அந்தக் கறுப்பு பூவுக்குள் இறங்கிவிட்டது, எவ்வளவு கழுவியும் போகவில்லை. இரண்டு வரிசையோடு நிறுத்தினோம், முப்பது கல் நட்டம். அப்புறம் ஆரையம்பதியிலிருந்து ஒரு வயதான மேசன் வந்தார், சின்ன வயதில் சிவப்புச் சீமெந்து நிலம் இழைத்தவர். கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தண்ணி குடிக்கிற சாமான், முதல்ல அதுக்குக் குடிக்கக் குடுங்க" என்றார். ஒவ்வொரு கல்லையும் வாளித் தண்ணீரில் போட்டு, குமிழி விடுவது நிற்கும்வரை பார்த்திருந்து எடுத்தார். ஒன்றரை அங்குலச் சாந்துப் படுக்கை, கல்லோடு கல் முட்ட வைப்பது, சுத்தியல் பிடியால் மெதுவாகத் தட்டுவது, மேலே சாந்து பட்டால் அடுத்த கல்லைத் தொடும் முன்னமே ஈரத்துணியால் துடைப்பது. ஒரு நாளைக்கு நாற்பது சதுர அடி தாண்டாது. அவசரப்படுத்தினால் இந்த வேலை கெடும், அந்தக் கூலியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, குறைகள். 760 கல் எடுத்தோம், 41 உடைந்து வந்தது. அனுப்பியவர்கள் வைக்கோல் சரியாகத் திணிக்கவில்லை, கேட்டதற்கு ஒழுங்கான பதிலும் இல்லை. எங்களுடையது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள உவர் மண், அதனால் அடிக் கொங்கிறீட்டுக்குக் கீழே பொலித்தீன் விரித்தோம். அது எட்டாத ஒரு சுவரோரத்தில் மாரி காலத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது, துடைத்தால் திரும்பவும் வருகிறது. பிறகு தேசிக்காய். கூடத்தில் விழுந்த ஒரு பாதித் தேசிக்காயை இரவு யாரும் கவனிக்கவில்லை, காலையில் அந்த இடம் மினுக்கம் செத்து அரை வட்டமாக நின்றது. சீமெந்தைப் புளி அரிக்கும். மீனுக்குத் தினமும் புளி கரைக்கிற எங்கள் சமையலறையில் இது நிற்காது.

பராமரிப்புப் பெரிதாக ஒன்றுமில்லை. வெறும் தண்ணீரில் துடைக்கிறோம், இடைக்கிடை துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு. அசிட் கலந்த திரவம் எதையும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். நடக்க நடக்க மினுக்கம் ஏறுகிறது, ஆள் நடமாட்டமில்லாத மூலைதான் இன்னும் மங்கல். சித்திரை வெயிலில் அம்மா பாயும் இல்லாமல் விறாந்தையில் காலை நீட்டி உட்கார்ந்து, "கால் குளிருது மனே" என்றா.

எடுக்கும்போது பத்துக்கு ஒன்றாவது மேலதிகமாக எடுங்கள். கையால் கலக்கிற சாயம், அடுத்த முறை அதே பச்சை வராது. 290 சதுர அடி பதித்து முடிய எங்களுக்கு 22 கல் மிஞ்சியது, கட்டிலுக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன்.