மைவிக்கு 17 அங்குல ரிம்மா, 15 அங்குலமா?

சித்தப்பா மகன் போன மாதம் ஒரு பழைய மைவி கார் வாங்கினான். பெயர் மாற்றிய மறுநாளே அதை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே, 17 போடட்டுமா, 15 போடட்டுமா? பாடி கிட் முழுசாகவே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டான். இரண்டையும் ஒரே காரில் போட்டு ஓட்டியவன் நான். என்னுடையது 2013ஆம் ஆண்டு பெரோடுவா மைவி 1.3. முதல் எட்டு மாதம் 17 அங்குல ரிம்மும், முன்னும் பின்னும் இரு பக்கமும் முழு பாடி கிட்டும் (அழகுக்காகக் காரின் கீழ்ப்பகுதியைச் சுற்றிப் பொருத்தும் துண்டுகள்) போட்டிருந்தேன். அதற்குப் பிறகு இந்த மூன்று ஆண்டுகளாக 15 அங்குல ரிம்மும், முன் பம்பருக்குக் கீழே ஒரு லிப் மட்டும். அவனிடம் 15 என்றுதான் சொன்னேன். அந்த வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அழகைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 17 தான் அழகு, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. மைவியின் சக்கர வளைவுக்குள் 14 அங்குல ரிம், அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பையனைப் போலத் தெரியும். 17 போட்டால் அந்த வளைவு நிறைந்துவிடுகிறது. அப்பா பால்மரம் சீவப் போனது சைக்கிளில். பிறகு ஒரு பழைய மோட்டார் சைக்கிளில். எங்கள் வீட்டின் முதல் கார் இது. அதை அழகுபடுத்திப் பார்க்க ஆசைப்படுவதில் ஒரு தவறும் இல்லை. "வந்தபடியே ஓட்டு, எதற்கு வீண்செலவு" என்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 14 அங்குலத்திலேயே ஓட்டலாம், நன்றாகவே ஓடும். ஆனால் இங்கே பேச்சு அதைப் பற்றியது அல்ல.

டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். என் காரோடு வந்தது 175/65 R14. டயரின் அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, உள்ளே உட்காரும் ரிம் 14 அங்குலம். கணக்குப் போட்டால் பக்கச்சுவர் ஏறக்குறைய 114 மில்லிமீட்டர். மைவி 1.5க்கு வரும் 185/55 R15இல் அது 102 ஆகிறது. நான் ஆசைப்பட்டுப் போட்ட 195/40 R17இல் 78 மட்டுமே. மூன்று சக்கரங்களின் மொத்த உயரமும் 583 முதல் 588 மில்லிமீட்டருக்குள்தான். அதனால் வேகமானிக் கணக்கில் பெரிய பிழை வராது. கடைக்காரர்கள் இதைத்தான் அழுத்திச் சொல்வார்கள்: "அதே உயரம்தான் அண்ணே, ஒன்றும் ஆகாது." உயரம் அதேதான். ஆனால் ரிம் வளர்ந்த அளவுக்கு ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும் குறைந்துவிடுகின்றன. நான்கு விரல்களைச் சேர்த்து டயரின் மேல் வைத்துப் பாருங்கள். 17 அங்குல ரிம்மைச் சாலையிடமிருந்து காப்பாற்ற அவ்வளவு இடம்தான் இருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தப் பக்கச்சுவரைப் பற்றித்தான்.

நான் குடியிருப்பது சுங்கை சிப்புட் டவுனை ஒட்டிய தாமானில். வேலை ஈப்போவில். அம்மா இன்னும் தோட்டத்து வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறார். தார்ச் சாலையிலிருந்து பிரிந்து நான்கு கிலோமீட்டர் செம்மண் சாலையில் போனால்தான் அவர் வீடு. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடி அந்தச் சாலையில் இரண்டு தடங்கள் பள்ளமாகவே விழுந்துவிட்டன. நடுவில் மேடு. வெயிலில் குழியின் விளிம்பு கல் போல இறுகிவிடும். மழை பெய்தால் குழியில் நிற்கும் செந்நீருக்குக் கீழே ஒரு சாண் ஆழமா, ஒரு முழமா என்று யாருக்கும் தெரியாது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்து இரவு பத்து மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் அம்மாவும் இரண்டு அத்தைகளும். மழை விட்டுச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. வேகம் முப்பதுகூட இருக்காது. முன் இடது சக்கரம் ஒரு குழிக்குள் இறங்கியது. டயர் குழியில் விழுந்தால் "தொம்" என்று கேட்க வேண்டும். எனக்குக் கேட்டது இரும்பைச் சுத்தியலால் அடித்த சத்தம். அம்மா "முருகா" என்றார். இறங்கி விளக்கடித்துப் பார்த்தேன். காற்று இறங்கவில்லை. பரவாயில்லை என்று ஓட்டி வந்துவிட்டேன்.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் டயரின் பக்கச்சுவரில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். டவுனில் டயர் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர் அப்பா காலத்திலிருந்து பழக்கம். அவர் அந்த வீக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். குழியின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே ரப்பர் நசுங்கும்போது உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடுகின்றன. அறுந்த இடத்தில் காற்று வெளியே தள்ளுகிறது, ரப்பர் புடைக்கிறது. இதற்கு ஒட்டுப் போட முடியாது. நெடுஞ்சாலையில் ஓட்டினால் எந்த நேரத்திலும் வெடிக்கலாம். அன்று பகல் முழுவதும் அதே டயரில் ஈப்போவுக்குப் போய் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பிறகு ரிம்மை இயந்திரத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, ஒரு சுண்ணக்கட்டியை அசையாமல் விளிம்புக்கு அருகே பிடித்தார். நேராக இருந்தால் சுற்று முழுவதும் கோடு விழ வேண்டும். விழுந்தது ஒரு விரல் நீளத்துக்கு மட்டும். மற்ற இடங்களில் சுண்ணம் படவே இல்லை. அவ்வளவு வளைந்திருந்தது.

அந்த எட்டு மாதத்தில் இப்படி மூன்று டயர் போயிற்று, ஒவ்வொன்றும் 230 வெள்ளி. ரிம் தட்டி நேராக்க நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 60 வெள்ளி. மொத்தம் 930 வெள்ளி. 15 அங்குலத்துக்கு மாறிய இந்த மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு ஆணி பஞ்சர். சாலை மாறவில்லை, குழியும் மாறவில்லை, ஓட்டுகிறவனும் நான்தான். 78க்கும் 102க்கும் நடுவில் இருக்கும் அந்த 24 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒரு விரற்கடைக்குச் சற்று மேல்.

எடையையும் சொல்ல வேண்டும். 17ஐக் கழற்றிய அன்று, பழைய இரும்பு வாங்கும் கடையின் தராசில் டயரோடு சேர்த்து நிறுத்துப் பார்த்தேன். 14 அங்குலச் சக்கரம் 13 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 17 அங்குலம் 18 கிலோவை நெருங்கியது. நான்கு சக்கரங்களுக்கு ஏறக்குறைய 18 கிலோ கூடுதல். அரிசி மூட்டை ஏற்றுவது போல அல்ல இது. சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது, அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குழியில் இறங்கும்போது அப்சார்பர் அதை அடக்க வேண்டும். சிக்னலில் பச்சை விழுந்ததும் 1.3 எஞ்சின் அதைச் சுழற்றிவிட வேண்டும். கோலகங்சார் பக்கம் மேட்டில் ஏறும்போது கார் தயங்குவது கால் பெடலிலேயே தெரிந்தது. பெட்ரோல் எவ்வளவு கூடியது என்பதை நான் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை, அதனால் எண் எதுவும் சொல்ல மாட்டேன்.

இனி பாடி கிட். மூன்று வகைப் பொருளில் கிடைக்கிறது. ஃபைபர் மலிவு, இடித்தால் விரிசல் விடும், ஆனால் பசையும் ஃபைபர் பாயும் வைத்து எந்தப் பட்டறையிலும் ஒட்டிவிடலாம். பியூ, அதாவது பாலியூரித்தேன், வளைந்து கொடுக்கும். வெயிலில் நிறுத்தி நிறுத்திக் கொஞ்சம் நெளியும், வண்ணமும் உரியும். ஏபிஎஸ் பிளாஸ்டிக், நிறுவனம் தரும் கிட்டைப் போலக் கச்சிதமாகப் பொருந்தும். நான் முதலில் போட்டது ஃபைபர். செம்மண் சாலையின் நடு மேட்டில் முன் லிப் உரசி இரண்டாம் மாதமே வாய் பிளந்தது. ஒட்டினேன். மறுபடி பிளந்தது.

உண்மையில் எனக்கு வருத்தம் தந்தது முன் பக்கம் அல்ல, கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பாவாடை. அதைக் கழற்றியபோது உள்ளே காய்ந்த செம்மண் செங்கல் போல அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்குரூ போட்ட ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பத்துக் காசு அளவுக்குத் துரு. தகட்டில் துளை போட்டதும் வண்ணத்தின் காவல் போய்விடுகிறது. அதன் மேல் ஈர மண்ணை மாதக்கணக்கில் அணைத்து வைத்தால் வேறு என்ன நடக்கும்? அந்தத் துருவைச் சுரண்டி வண்ணம் அடித்தது நான் என் கையால் செய்த வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இன்னொன்று: பாவாடை ஜாக்கி வைக்கும் இடத்தை மறைத்துவிடும். பகலில் பட்டறையில் அது பெரிய விஷயம் அல்ல. இரவில் செம்பனைக் காட்டுக்கு நடுவே, மழையில், மண்டியிட்டு அந்த இடத்தைத் தடவித் தேடிப் பாருங்கள்.

இப்போது இருப்பது பியூ லிப் மட்டும். வண்ணத்தோடு 180 வெள்ளி. மேட்டில் உரசினால் உள்ளே மடங்கி மறுபடி நிமிர்கிறது. அடிப்பக்கம் முழுவதும் கீறல்தான், நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. பாவாடையும் பின் கிட்டும் இல்லாமல் கார் மொட்டையாகத் தெரியுமோ என்று பயந்தேன். 15 அங்குல ரிம்மோடு சேர்த்துப் பார்த்தால் அடக்கமாக, நன்றாகவே இருக்கிறது.

சட்டம், காப்புறுதி பற்றிப் பலரும் எழுதியாயிற்று. டயர் காரின் உடலைத் தாண்டி வெளியே நீட்டினால் சம்மன் உண்டு. கிட்டும் ரிம்மும் போட்டதைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லிவிடுவது நல்லது. விற்கும் எண்ணம் இருந்தால் காரோடு வந்த நான்கு சக்கரங்களையும் பம்பரையும் பத்திரமாக வைத்திருங்கள். வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

17க்கு உரிய நியாயத்தையும் சொல்கிறேன். என் சொந்தத் தம்பி ஈப்போவில், மேரு ராயா பக்கம் இருக்கிறான். அவன் மைவியிலும் 17தான், முழு கிட்டும் பியூவில். இரண்டு ஆண்டுகளாக ஒரு டயரில்கூட வீக்கம் இல்லை. அவன் ஓட்டும் சாலைகள் நல்ல தார்ச் சாலைகள். வளைவில் அவன் கார் சாய்வது குறைவு, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் சட்டென்று திரும்புகிறது. அந்த உணர்வு 15இல் அந்த அளவுக்குக் கிடைக்காது. தோட்டத்துக்கு அம்மாவைப் பார்க்க வரும்போது மட்டும், தார்ச் சாலை முடியும் இடத்தில் தன் காரை நிறுத்திவிட்டு என் காரில் ஏறிக்கொள்கிறான்.

15 என்று முடிவு செய்தவர்களுக்குச் சில குறிப்புகள். மைவிக்கு நான்கு நட்டு, துளைகளுக்கு இடையே 100 மில்லிமீட்டர். இதைக் கடைக்காரரே பார்த்துக்கொள்வார். பலரும் விட்டுவிடுவது நடுத்துளை. அந்தத் துளைக்குள் நுழையும் மைவியின் ஹப் 54.1 மில்லிமீட்டர். வெளியே விற்கும் ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் இதைவிடப் பெரியது. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். அது இல்லாவிட்டால் 90, 100 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. மைவி 1.5இல் இருந்து கழற்றிய அசல் ரிம் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. நான் அப்படித்தான் ஒரு செட் 650 வெள்ளிக்கு வாங்கினேன். வாங்கும் முன் நான்கையும் இயந்திரத்தில் மாட்டிச் சுண்ணக்கட்டி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிம்மோடு வேறு நட்டு தந்தால், அதைக் கழற்றும் சாவி காரிலேயே இருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.

சித்தப்பா மகன் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, என் வீட்டுக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கும் அந்த 17 அங்குல ரிம்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் வாரம் இரண்டு முறை தோட்டத்துக்குள் போகிறவன். சாவியைக் கையில் கொடுத்து, "முதலில் என் காரில் அந்த நான்கு கிலோமீட்டரை ஓட்டிவிட்டு வா" என்று அனுப்பியிருக்கிறேன்.