மது இல்லாத டெக்கீலாவா, சுட்ட மாங்காயா?

பரதராமி தாண்டினால் ஆந்திரா, இன்னும் கொஞ்ச தூரம் போனால் சித்தூர். அக்காவைக் கொடுத்த ஊர். போன தை மாதம் அங்கே உறவில் ஒரு நிச்சயதார்த்தம். ராத்திரி மொட்டை மாடியில் ஆண்கள் எல்லாரும் கண்ணாடி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். குடியை விட்டு இரண்டு வருடமான மாமாவுக்கு மட்டும் பேப்பர் கப்பில் ஆரஞ்சுக் கலர் சோடா. இரண்டு வாய் குடித்தார். "தூக்கம் வருது மாப்ளே" என்று கீழே இறங்கிப் போய்விட்டார். மணி எட்டரைகூட ஆகவில்லை.

எனக்கு மனசே ஆறவில்லை. குடியை விட்டவருக்கும் ஒரு மணி நேரம் கையில் வைத்து உறிஞ்ச உருப்படியாக ஒன்று வேண்டும். கலர் சோடா அதற்கு ஆகாது. சர்க்கரைத் தண்ணீரை யாரும் மெதுவாகக் குடிப்பதில்லை. மடக்கென்று குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் டெக்கீலாவின் சாயலில் வரும், மது இல்லாத அகேவ் பானங்களைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். அகேவ் நமக்கு அந்நியம் இல்லை. வயல் வரப்பிலும் ரயில் பாதை ஓரத்திலும் நிற்கும் ஆனைக் கற்றாழை அந்தக் குடும்பம்தான். இதே சித்தூர் மாவட்டத்தில் தக்காண அகேவிலிருந்து மது வடித்து, டெஸ்மண்ட்ஜி என்ற பெயரில் 2011லேயே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மெக்சிகோவின் டெக்கீலா மதுவுக்கு அகேவ் வகைகளில் நீல அகேவ் மட்டும்தான் ஆகும். ஏழெட்டு வருடம் வளர்ந்த செடியின் இலைகளை வெட்டித் தள்ளிவிட்டு, அன்னாசி மாதிரி இருக்கும் அடித்தண்டை வேகவைத்து, சாறு பிழிந்து, புளிக்க வைத்து வடிப்பார்கள். மெஸ்கால் என்ற இன்னொரு அகேவ் மதுவில் அந்தத் தண்டை மண்குழியில் போட்டுச் சுடுவார்கள். புகை வாசனை அங்கேதான் ஏறுகிறது. (இதைப் படித்துவிட்டு வரப்புக் கற்றாழையை வெட்டிப் பார்க்க வேண்டாம். பச்சைச் சாறு தோலில் பட்டால் அரித்துத் தடித்துவிடும்.)

மது இல்லாத பாட்டில்கள் இரண்டு விதம். முதல் விதத்தில் தண்ணீரோடு சுவையூட்டிகளும் புளிப்பும் கொஞ்சம் காரமும் சேர்த்து டெக்கீலாவின் சாயலைக் கொண்டுவருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் தொடங்கிய லையர்ஸ், அமெரிக்காவின் ரிச்சுவல் எல்லாம் இந்த வழி. இரண்டாவது விதம் செடியிலிருந்தே வருவது. கார் பந்தய வீரர் லூயிஸ் ஹாமில்டன் பங்காளியாக இருந்து 2023இல் வந்த அல்மாவே அப்படிப்பட்டது. மெக்சிகோவின் ஹலிஸ்கோவில் நீல அகேவையே வேகவைத்துச் செய்கிறார்கள், புளிக்க மட்டும் விடுவதில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் விதத்துக்கு ஒன்றாக இரண்டு பாட்டில் வாங்கி வந்தான். சுவையூட்டி வகையைத் தனியாகக் குடித்தால் ஏமாற்றம்தான். மிளகுத் தண்ணீர் மாதிரி நாக்கு நுனியில் சுர்ரென்று ஏறி, உடனே காணாமல் போகிறது. ஆனால் எலுமிச்சை, உப்பு, சோடா சேர்ந்ததும் எழுந்து நிற்கிறது. செடி வகை தனியாகவே நன்றாக இருந்தது. வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மணமும், பின்னால் லேசாகப் பச்சை இலை வாசனையும் வந்தது. அதில் நிறைய சோடா ஊற்றினால் அந்த மணம் அமுங்கிவிடும். கலந்து குடிக்க முதல் வகை, ஐஸ் மட்டும் போட்டு உறிஞ்ச இரண்டாவது வகை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலைதான் இடிக்கிறது. ஒரு பாட்டில் சில ஆயிரம் ரூபாய், திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

அப்புறம் காரம். தொண்டையில் மது எரிவதும் மிளகாய் எரிவதும் நரம்பில் ஒரே ஏற்பியைத் தட்டுவதால்தான். அதனால்தான் பாட்டில்காரர்கள் மிளகாய், மிளகு, இஞ்சிச் சாரங்களைத் தேடிப் போகிறார்கள். அவையெல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிச் சமாச்சாரம்.

சித்திரையில் அக்கா வீட்டுத் தோட்டத்தில் பெங்களூரா மாங்காய், அதுதான் கிளிமூக்கு, காய்த்துத் தொங்கியது. இரண்டைப் பறித்து விறகடுப்புத் தணலில் புதைத்தேன். தோல் கருகி வெடித்து, உள்ளே இருந்து சாறு நுரைத்துக்கொண்டு வரும்வரை புரட்டிப் புரட்டிச் சுட வேண்டும். ஆறியதும் கருகிய தோலை உரித்து, சதையைப் பிசைந்து வடிகட்டினால் பழுப்புப் பச்சையில் ஒரு கூழ். முகர்ந்து பார்த்தால் புகை, புளிப்பு, வெந்த இனிப்பு. மெஸ்காலில் மண்குழி செய்யும் வேலையைத் தணல் செய்துவிட்டது.

ஒரு டம்ளருக்கு அந்தக் கூழ் மூன்று கரண்டி, அரை மூடி எலுமிச்சை, ஒரு கரண்டி வெல்லப்பாகு, விதை எடுத்துக் கீறிய பச்சை மிளகாய் ஒன்று. டெக்கீலாவில் கலக்கும் மார்கரிட்டாவில் ஆரஞ்சு மது சேர்ப்பார்கள். அந்தக் கசப்புக்கு நார்த்தங்காய்த் தோலைச் சீவி டம்ளர் மேல் பிழிந்தேன். விளிம்பில் எலுமிச்சை தடவி உப்பும் மிளகாய்த்தூளும் கலந்ததில் ஒற்றி எடுத்து, ஐஸ் போட்டு சோடா ஊற்றினேன். உப்பை விட்டுவிடாதீர்கள். கசப்பை அடக்கிப் புளிப்பைத் தூக்கிவிடுவது அதுதான்.

பதநீரையும் கணக்கில் வைத்திருந்தேன். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியது, வெயில் ஏறுமுன் கிடைத்தால் இவை எல்லாவற்றையும் விட ருசி. ராத்திரி மாடிக்கு அது சரிப்படாது. பன்னீர் சோடா பிள்ளைகளுக்குப் போதும்.

இரண்டு பாட்டில் வகையையும் மாங்காய் டம்ளரையும் மாமா முன்னால் வைத்தேன். சுவையூட்டி வகைப் பாட்டிலில் கலந்ததை ஒரு வாய் குடித்து, பரவாயில்லை என்றார். செடி வகையை மூக்கருகே கொண்டுபோனவர், குடிக்காமலே கீழே வைத்தார். "வாசனை பழசை எழுப்புது மாப்ளே, இது வேண்டாம்." நல்ல பாட்டில் என்று நான் நினைத்ததே அவருக்கு ஆபத்தாக இருந்தது. மதுவின் சாயல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்று அதுவரை நினைத்திருந்தேன். குடிக்கும் பழக்கமே இல்லாதவருக்கும், கர்ப்பமாக இருப்பதால் மது தொடாத தோழிக்கும், வண்டி ஓட்ட வேண்டியவருக்கும் பாட்டிலை வாங்கலாம். 0.0 என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 0.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் நம் சட்டப்படி அது மதுபானம், அதற்குக் கீழே சொட்டு இருக்கலாம். குடியை விட்டவருக்கு மாங்காய்தான் என் தேர்வு. குடியை நிறுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பாட்டிலையும் தொடக்கூடாது.

மாங்காய் டம்ளரை மாமா முக்கால் மணி நேரம் கையில் வைத்திருந்தார். உப்பு விளிம்பைச் சுற்றிச் சுற்றி நக்கிக்கொண்டே மழை இல்லாத வருடங்களைப் பற்றிப் பேசினார்.

வைகாசியில் கல்யாணம். முப்பது மாங்காய் சொல்லியாகிவிட்டது, கண்ணாடி டம்ளர் வாடகைக்கு. தணல் வேலையை மாமாவே எடுத்துக்கொண்டார். வேப்பங்கட்டை போட்டால் புகை கசக்கும், புளியங்கட்டையாகக் கொண்டுவா என்று இப்போதே போன் பண்ணிவிட்டார்.