விகாரமகாதேவி பூங்காவா, சுதந்திர சதுக்கமா?

இரண்டும் கொழும்பு கருவாத்தோட்டத்தில்தான், நடந்தால் இருபது நிமிடம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் ஒன்று காலைக்குரியது, மற்றது மாலைக்குரியது.

விகாரமகாதேவி பூங்காவில் பெருமரங்கள் இருப்பதால் பத்து மணிக்கும் நிழல் கிடைக்கும். முன்பு விக்டோரியா பூங்கா. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய இராணுவம் தங்கியது. 1951இல் மக்களுக்குத் திறந்தார்கள். பொன்னிறப் புத்தர் சிலை நகர மண்டபத்தைப் பார்த்தபடி வடகிழக்கு நோக்கி அமர்ந்திருப்பதால் காலை வெயில் முகத்தில் விழும். மாலையில் வெளிச்சம் பின்னால் போய்விடும், படத்தில் முகம் கறுத்துவிடும். கிட்டப் போனால் சப்பாத்தையும் தொப்பியையும் கழற்றுங்கள். சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கவே வேண்டாம். அதைப் பெரிய அவமதிப்பாகப் பார்ப்பார்கள்.

பலர் புத்தரையும் ஊஞ்சலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது வீண். பொது நூலகப் பக்கமாக நடந்தால் போர் நினைவுத்தூண் நிற்கிறது. புதுடில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸின் வேலை அது. முதலில் காலிமுகத்திடலில் நின்றது, இரண்டாம் உலகப் போரின்போது பிரித்து இங்கே கொண்டுவந்தார்கள். அலங்காரம் குறைவு, அளவுதான் அழகு. சற்றுத் தள்ளி நின்று முழுசாகப் பாருங்கள்.

சுதந்திர சதுக்கத்தில் தோட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, புல்வெளியும் நடைபாதையும்தான். அங்கே போவது சுதந்திர நினைவு மண்டபத்துக்காக. கண்டி மன்னரின் அரசவை மண்டபமான மகுல் மடுவவைப் பின்பற்றிக் கட்டியது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் கைமாறிய ஒப்பந்தம் கையெழுத்தானது அந்த மடுவவில். அதே வடிவத்தைச் சுதந்திர நினைவுக்கு எடுத்ததில் பொருள் இருக்கிறது. மூலத்தில் மரத்தூண்கள், இங்கே மரமில்லை. சுவரில்லாத மண்டபம் என்பதால் உச்சி வெயிலில் கூரையடி இருண்டு செதுக்கல் தெரியாது. நாலே முக்காலுக்கு மேல் வெயில் சாய்ந்து தூண்களுக்கிடையே நுழையும்போதுதான் ஒவ்வொரு வெட்டும் எழுந்து நிற்கும். முன்னால் முதல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் சிலை, சுற்றிலும் சிங்கங்கள். ஏழு மணிக்குள் இருட்டிவிடும், பிந்தாதீர்கள்.

சிற்பத்துக்காக மட்டும் என்றால் சதுக்கம். பிள்ளைகளோடு என்றால் யோசிக்காமல் பூங்கா. ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடிமழை வரும். அப்போது மரத்தடியில் நிற்பது ஆபத்து, மண்டபத்தில் கூரையாவது உண்டு.

புறக்கோட்டையிலிருந்து 138 பஸ், பொது நூலகத்தில் இறங்கலாம். வெள்ளவத்தைக்காரர் காலி வீதியால் கொள்ளுப்பிட்டி வந்து 177 பிடியுங்கள். ஆளுக்கு ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும்.